பதுமைக்கு உயிரூட்டிய வில்லிஸ் ஓப்ரியன்

உலகில் எக்காலத்தும் உயிர்வாழ்ந்திராத ஒரு விலங்கைக் கண்டு மக்கள் முதலில் அஞ்சி நடுங்கினர். சிறிது நேரங் கழித்து அதன் சாவைக் கண்டு மனமிரங்கினர். 1933ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துத் திரையரங்குகளில் இவ்விந்தை நிகழ்ந்தது. அவ்விலங்கின் பெயர் கிங் காங் என்பது. நம் நாட்டு முதியோர் சிலர் இப்பெயரைக் கேட்டவுடன், அதனைப் பட்டப்பெயராகப் பூண்டு தாராசிங்குடன் பொருத ஒரு மல்லரையே நினைவுகூர்தல் கூடும். நாம் இங்கே கூறப்புகுந்தது அம்மல்லருக்குப் பெயர் ஈந்த குரங்கினைப் பற்றியும், அக்குரங்கை இயக்கிய மனிதரைப் பற்றியுமாம். திரையில் மரங்களை முறித்துக்கொண்டு வந்த அப்பெருங்குரங்கு, மேசைமேல் நிற்கும்போது 18 அங்குல உயரமே உள்ளதொரு பதுமை. ஓப்ரியனுடைய பெயர் திரைப்படக் கலைஞர் நடுவே இன்றும் மரியாதையுடன் சொல்லப்படுகின்றது. ஆயினும் அவருடைய வாழ்வில் முடிவுபெற்ற வேலைகளைவிட முடிவுபெறாது நின்ற வேலைகளே மிகுதி என்பதைப் பலர் அறியார்.

வில்லிஸ் ஹெரால்ட் ஓப்ரியன் 1886ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஓக்லந்து நகரிற் பிறந்தார். பதினோராம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி மாட்டுப்பண்ணைகளில் வேலை செய்யத் தலைப்பட்டார். அதன்பின் அவர் புகாத தொழில் இல்லையென்றே சொல்லலாம். மதுக்கடையில் ஏவல் செய்தார், இருப்புப்பாதையில் உழைத்தார், கட்டடச் சிற்பியொருவரின் அலுவலகத்தில் வரைபடம் எழுதினார், சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் செய்தித்தாளொன்றில் விளையாட்டுக் கேலிச்சித்திரங்கள் தீட்டினார், சிறிது காலம் கூலிக்குக் குத்துச்சண்டையும் போட்டார். இடையில், மண்ணிற் புதைந்த தொல்லுயிர்களின் எலும்புகளைத் தேடிவந்த ஆராய்ச்சியாளர்க்கு ஓரகன் மாகாணத்துக் கிரேட்டர் ஏரிப் பக்கத்தில் வழிகாட்டியாகச் சென்றார் என்பர். இவ்வாறு தொழில்விட்டுத் தொழில் தாவும் இளைஞனைக் கண்டால் நம் ஊர்ப் பெரியோர் தலையசைத்து வருந்துவர். ஆயினும், பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவை இத்தொழில்களே. குத்துச்சண்டையால் உடலின் அசைவையும், வரைபடத்தால் அளவையும், எலும்பு தேடியதால் தொல்லுயிர்களின் வடிவையும் அவர் கற்றுக்கொண்டார்.

இறுதியில் அவர் ஒரு சலவைக்கற் பட்டறையிற் சேர்ந்தார். அங்கே ஒருநாள் வேலையின் இடையில் களிமண்ணை எடுத்துச் சிறிய குத்துச்சண்டை வீரனொருவனைப் பிடித்து வைத்தார். உடனிருந்த தொழிலாளி எதிரியாக மற்றொருவனைப் பிடித்தான். இருவரும் தத்தம் பதுமையின் கையை வளைத்தும் உடலைச் சாய்த்தும் பொய்ச்சண்டை நடத்தி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டின் நடுவே ஓப்ரியனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. பதுமையை ஒவ்வொரு நிலையிலும் சிறிதே திருத்தி நிறுத்தி, நிலைக்கொரு படமாகச் சினிமாச் சுருளில் எடுத்துக்கொண்டே சென்றால், ஓட்டிப் பார்க்கும்போது மண்பதுமை தானே அசைவதாகத் தோன்றுமன்றோ! இம்முறையைப் பிறர் சிலர் அவருக்கு முன்னரே கையாண்டதுண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பொம்மைகளைப் பொம்மைகளாகவே ஆட்டுவித்தனர். பதுமையை உயிரென்றே நம்பவைக்க வேண்டும் என்னும் பிடிவாதம் ஓப்ரியனுடையது.

அவர் மரத்தாலாகிய மூட்டுகளின்மேல் களிமண் அப்பி ஒரு டைனோசாரையும் ஒரு குகைமனிதனையும் செய்தார். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் மேன்மாடியில் அவற்றை நிறுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடக்கூடிய படமொன்றை எடுத்தார். அக்காலத்து மௌனப் படம் விநாடிக்குப் பதினாறு படங்கள் என்னும் கணக்கில் ஓடியதாகக் கொண்டாலும், ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆயிரம் முறை அக்களிமண்ணைத் தொட்டுத் திருத்தவேண்டும். வெயிலில் மண் உலரும். விளக்கின் சூட்டில் இளகும். முன் படத்தில் கை எங்கிருந்தது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். ஒருமுறை தவறினால் முழுதும் பாழ். இதனை நன்குணரவேண்டின் நம் மாணவர் ஒரு பிடி களிமண்ணை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் முயன்று பார்க்கலாம்.

இச்சிறு படத்தைக் கண்ட ஹெர்மன் வாபர் என்னும் படத்தொழிலர் வேறொரு படம் எடுப்பதற்கு 5,000 டாலர் கொடுத்தார். 1915இல் ஐந்து நிமிடப் படமொன்று உருவாயிற்று. டைனோசாரும் குரங்குமனிதனும் அதில் வந்தனர். அக்குரங்குமனிதனையே கிங் காங்கின் மூதாதையாகக் கொள்ளலாம். அப்படத்தை எடிசன் பெருமகனாரின் கம்பெனி வாங்கி 1917இல் வெளியிட்டது. ஓப்ரியனையும் நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டது. ஆனால் அக்கம்பெனி விரைவிலே படத்தொழிலைக் கைவிட்டது.

அடுத்து வந்தது ஒரு கசப்பான அனுபவம். ஹெர்பர்ட் டாலி என்பவரோடு கூடி 1918இலும் 1919இலுமாக வெளியான ஒரு படத்திற்காக ஓப்ரியன் உழைத்தார். சுமார் 3,000 டாலரில் முடிந்த அப்படம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிற்று. பெயரோ பெரும்பாலும் டாலிக்கே சென்றது. மூட்டுகளையுடைய பதுமைகளைச் செய்யும் முறைக்கு அவரே காப்புரிமையும் பெற்றுக்கொண்டார். ஓப்ரியனைப் போற்றுவோர் இதனை முழு வஞ்சகமென்று எழுதுவர். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர், டாலியின் பங்கும் சிறிதன்று என்பர். இருவரும் ஒரே மேசையில் ஒரே பதுமையைத் தொட்டு உழைத்தனர்; கையின் தடத்தைப் பிரித்தறிதல் எளிதன்று. நமக்குத் தோன்றுவது யாதெனில், ஓப்ரியன் உடன்படிக்கைகளை எழுதுவதில் வல்லவரல்லர் என்பதே. வாழ்நாள் முழுதும் இக்குறை அவரைத் தொடர்ந்தது.

நிற்க. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை இயற்றிய சர் ஆர்தர் கானன் டாயில் எழுதிய மறைந்த உலகம் என்னும் நாவலைப் படமாக்கும் பணி ஓப்ரியனிடம் வந்தது. 1922ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் நியூயார்க்கில் மாயவித்தைக்காரர் சங்கத்தின் விருந்து நடந்தது. அதன் தலைவர் புகழ்பெற்ற ஹூடினி. விருந்தினராய் வந்த டாயில், இன்னதென விளக்காமல் ஓப்ரியனின் சோதனைப் படத்துண்டு ஒன்றை ஓட்டிக் காட்டினார். தொல்லுயிர்கள் மேய்வதையும் பொருவதையும் கண்ட மாயவித்தைக்காரர் திகைத்தனர். உலகத்தாரை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டோர் இங்கே தாமே ஏமாந்தனர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இச்செய்தி வந்தது. அதன்பின்னரே டாயில் உண்மையை எழுதித் தெரிவித்தார். இச்செய்தியைப் படித்த டாலி, தம் காப்புரிமையைக் காட்டி வழக்கிடுவதாக அச்சுறுத்தியதும் இதன் பின்விளைவாம்.

இப்படத்திற்காக ஓப்ரியன் தேடிப் பிடித்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. மார்செல் டெல்காடோ என்பது அவர் பெயர். மெக்சிகோ நாட்டிற் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கலைப்பள்ளியிற் சிற்பம் பயின்று வந்தார். அங்கே அவரைக் கண்ட ஓப்ரியன், வாரம் 75 டாலர் ஊதியந் தருவதாகக் கூறி அழைத்தார், இளைஞர் மறுத்துவிட்டார். பல முறை கேட்டும் இணங்கவில்லை. ஒருநாள் ஓப்ரியன் அவரைப் படநிலையத்தைப் பார்க்க வருமாறு அழைத்தார். கருவிகளும் தொல்லுயிர் ஓவியங்களும் நிறைந்த ஓர் அறையைக் காட்டி, அது டெல்காடோவுக்கென்றே அமைக்கப்பட்டது என்று தெரிவித்தார். பணத்திற்கு மயங்காத இளைஞர் அவ்வறைக்கு மயங்கினார். கைவினைஞன் ஒருவனுடைய உள்ளத்தை மற்றொரு கைவினைஞனே அறிவான் போலும்!

இவர்கள் செய்த பதுமைகளின் அமைப்பைச் சிறிது விளக்குவாம். களிமண்ணால் மட்டும் பிடித்த உருவம் நெடுநாள் தொட்டுழைக்கத் தாங்காது. ஆதலின், முதலில் உலோகத்தால் எலும்புக்கூடு செய்வர். தோள், முழங்கை, விரல், வால் ஆகிய இடந்தோறும் குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டுகள் வைப்பர். இம்மூட்டு எளிதில் திரும்பவும் வேண்டும். திருப்பிய நிலையில் இம்மியும் பிசகாது நிற்கவும் வேண்டும். இதன்மேல் பஞ்சும் ரப்பருமாகத் தசைதசையாய் வைத்துக் கட்டுவர். கை மடங்கும்போது தசை புடைக்கவேண்டிய இடத்தில் புடைக்கும். அதற்கு மேலே ரப்பர்ப் பாலைப் பூசித் தோலாக்குவர். சில விலங்குகளின் வயிற்றினுள் பந்துக்குள் வைக்கும் காற்றுப்பை ஒன்றை வைத்து, சிறிது சிறிதாகக் காற்றேற்றியும் இறக்கியும் மூச்சு விடுவதாகக் காட்டினர். வடிவத்திற்குச் சார்லஸ் நைட் என்னும் ஓவியர் தீட்டிய தொல்லுயிர்ச் சித்திரங்களே அவர்களுக்கு முன்மாதிரி. இவ்வாறு சுமார் ஐம்பது விலங்குகள் செய்யப்பட்டன. 1925இல் படம் வெளிவந்தது. லண்டன் மாநகரத் தெருக்களில் பெரியதொரு டைனோசார் அலைந்து திரியும் இறுதிக் காட்சி அந்நாளில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் வீணே கழிந்தன. 1930இல் ஆர்.கே.ஓ. படநிலையத்தில் படைப்பு என்னும் பொருள்படும் பெயருடைய ஒரு படத்தைத் தொடங்கினார். பெரும்பொருள் செலவாயிற்று. 1931இல் அந்நிலையத்தின் கணக்குகளைச் சீர்படுத்த வந்த மெரியன் கூப்பர் என்பவர் எடுத்தவரையிற் பார்த்துவிட்டு, கதையில் சுவையில்லை என்று நிறுத்திவிட்டார். ஓப்ரியனுக்கு இது பேரிடியாயிற்று. ஆயினும் கூப்பருடைய மனத்தில் நெடுநாளாக ஒரு பெருங்குரங்கின் கதை இருந்தது. உண்மைக் கொரில்லாவையும் கொமோடோத் தீவின் பேருடும்பையும் கொண்டுவந்து படமெடுக்கலாம் என அவர் முன்னர் எண்ணியிருந்தார். ஓப்ரியனின் மேசைப் பதுமைகளைக் கண்டபின், காட்டு விலங்கு எதற்கு, இப்பதுமைகளே போதும் என்று துணிந்தார். ஒருவருடைய கனவைக் கொன்ற கையே அவருக்கு வேறொரு வாழ்வையும் அளித்தது.

கிங் காங் உருவம் எளிதில் அமையவில்லை. டெல்காடோ முதலிற் செய்தது மனிதச் சாயல் மிகுந்திருந்தது. கூப்பர் அதனை ஏற்கவில்லை. கொடிய கொரில்லாவே வேண்டுமென்றார். ஓப்ரியனோ அவ்விலங்கின்மேல் காண்போர்க்கு இரக்கம் பிறக்கவேண்டுமென விரும்பினார். திருத்தித் திருத்திச் செய்த உருவத்தில் இவ்விருவர் விருப்பமும் ஒருங்கே அமைந்ததனாலேயே அது நிலைபெற்றது என்பது நம் கருத்து. வேறும் கொடுமை என்றால் படம் முடியுமுன் மறந்திருப்போம்; வேறும் மென்மை என்றால் நகைத்திருப்போம்.

காட்டுக் காட்சிகளுக்கு 18 அங்குலப் பதுமையும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் ஏறும் காட்சிக்கு 24 அங்குலப் பதுமையும் பயன்பட்டன. மேலுக்கு முயல்தோலைப் போர்த்தினர். மேசைமேற் காடு அமைத்து, அதன் முன்னும் பின்னும் கண்ணாடிகளில் மரஞ்செடி கொடிகளைத் தீட்டி நிறுத்தினர். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயின் இருண்ட காடுகளை மனத்திற்கொண்டே இவை தீட்டப்பட்டன. பதுமையின் பாதங்களைத் தரையிலுள்ள துளைகளின் வழியே திருகாணியால் முடுக்குவர். பின் ஒரு மயிரிழை அசைப்பர், ஒரு படம் எடுப்பர், மறுபடியும் அசைப்பர். பேசும்படம் வந்தபின் விநாடிக்கு 24 படம் ஆதலால், ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 முறை இது நிகழவேண்டும். ஒருமுறை மேசைக்காட்டில் வைத்திருந்த உண்மைச் செடியொன்று படமெடுக்கும் நேரத்தில் மெல்ல மலர்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சுருளைக் கழுவி ஓட்டியபோது, விலங்குகளின் பின்னே ஒரு பூ சடுதியில் விரிந்தது! ஒருநாள் உழைப்பு அதனால் வீணாயிற்று என்று சொல்வர்.

மற்றொரு குறையும் உண்டு. பதுமையை ஒவ்வொரு முறையும் விரலால் தொடவேண்டியிருந்தமையால், முயல்மயிர் தொட்ட இடத்தில் சிறிது கலையும். திரையில் அது, காற்று வீசுவதுபோல் குரங்கின் உடலெங்கும் மயிர் சிலிர்ப்பதாகத் தெரிகிறது. இக்குறையைக் கண்டு கலைஞர் கவலையுற்றனர். பார்த்தோரிற் சிலரோ குரங்கு சினத்தால் மயிர்சிலிர்க்கின்றது என்று வியந்தனர். இன்றும் அப்படத்தைப் பார்ப்போர் அம்மயிரின் அசைவைக் காணலாம். நாமும் கண்டோம். அது குரங்கின் சினமன்று. தொண்ணூறு ஆண்டுகட்கு முன் ஒருவருடைய விரல்கள் அங்கே பட்டு நீங்கிய தடம்.

1933 மார்ச்சு 2ஆம் நாள், ஓப்ரியனுடைய பிறந்தநாளன்றே, நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. அமெரிக்கா கொடிய பொருளாதாரத் தாழ்வில் உழன்ற காலம் அது. நாட்டிலுள்ள வங்கிகளனைத்தும் சில நாள்களில் மூடப்படவிருந்தன. அத்தகைய வறுமையிலும் இரண்டு பெரிய அரங்குகளில் முதல் நான்கு நாள்களில் ஏறத்தாழ 90,000 டாலர் வசூலாயிற்று.

புகழின் உச்சியில் நின்ற அவ்வாண்டிலேயே அவர் குடும்பத்தின்மேல் பெருந்துயர் விழுந்தது. முதல் மனைவியோடு அவர் வாழ்வு இன்பமாய் அமையவில்லை. 1930இல் இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். அவ்வம்மையார் காசநோயாலும் புற்றுநோயாலும் வருந்தினார். அவர்களுக்குப் பிறந்த ஆண்மக்கள் இருவருள் ஒருவன் காசநோயினால் கண்ணொளி இழந்தான். கண்ணுக்கே விருந்தாகப் பதுமைகளை அசைத்த தந்தைக்கு, அவற்றைக் காணவியலாத மகன். 1933 அக்டோபரில், மனம் பேதலித்த அத்தாய் தன் இரு மக்களையும் சுட்டுக்கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டாள். அவள் உடனே சாகவில்லை. ஓராண்டளவு நோயாளியாய் மருத்துவமனையிற் கிடந்து பின்னரே மாண்டாள். இதனைப் பற்றி மேலும் எழுத நம் எழுதுகோல் கூசுகின்றது. கிங் காங்கின் மகன் என்னும் படத்தின் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாக எடுக்கப்பட்ட அப்படம் டிசம்பரில் வெளியாயிற்று. அதனைப் பற்றிப் பேசவும் ஓப்ரியன் விரும்பியதில்லை.

1934 நவம்பரில் அவர் மறுமணம் செய்துகொண்டார். இவ்வம்மையார் இறுதிவரை அவருக்குத் துணையாய் நின்றார். ஆனால் தொழிலில் தோல்விமேல் தோல்வி வந்தது. போர்க்கழுகுகள் என்றொரு படம் தொடங்கி நின்றது. காட்டுப் பள்ளத்தாக்கொன்றில் டைனோசாரைக் கயிறெறிந்து பிடிக்கும் மாட்டிடையரைப் பற்றிய குவாங்கி என்னும் படமும் 1942இல் நின்றது. படங்கள் வரைவார், சிறு பதுமைகள் செய்வார், பொருளுடையோர் பார்த்து வியப்பர், பின் செலவைக் கேட்டு எழுந்துபோவர்.

இவ்விருண்ட காலத்தில் ஒரு நாள் ஓர் இளைஞர் தாம் செய்த டைனோசார்ப் பதுமைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அவரைக் காணவந்தார். ரே ஹாரிஹௌசன் என்னும் அவர் பதின்மூன்று வயதில் கிங் காங் படத்தைக் கண்டு மயங்கி, அன்றுமுதல் வேறெதனையும் எண்ணாதவர். ஓப்ரியன் பதுமைகளை வாங்கிப் பார்த்தார். புகழ்ந்து அனுப்பியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. கால்களில் தசையின் அமைப்பே இல்லை என்று சுட்டிக்காட்டி, உடற்கூற்று நூலை முறையாகப் பயிலுமாறு கூறினார். விலங்கியற் கூடத்தில் எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்து சலித்த நம் மாணவர், இல்லாத விலங்கைச் செய்வதற்கும் அப்பயிற்சியே வேண்டும் என்பதை இங்கே அறியலாம். இளைஞர் மனம் நொந்தாரெனினும் அவ்வாறே சென்று பயின்றார். பின்னர், 1949இல் வெளிவந்த மைட்டி ஜோ யங் என்னும் படத்தில் ஆசிரியருக்கு உதவியாளரானார். பதுமையை அசைக்கும் வேலையின் பெரும்பகுதியை அவரே செய்தார். அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு 1950இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கிங் காங் வெளிவந்த ஆண்டில் அத்துறைக்குப் பரிசே ஏற்பட்டிருக்கவில்லை. ஆதலால் ஓப்ரியனுக்கு அறுபத்துநான்காம் வயதிலேயே அப்பெருமை வந்தது.

பரிசு வந்தபின்னும் வேலை வரவில்லை. 1960இல் மறைந்த உலகம் மீண்டும் படமாக்கப்பட்டபோது அவரை அழைத்தனர். பழைய முறையில் பதுமைகள் செய்யலாமென அவர் மகிழ்ந்து படங்கள் வரைந்தார். ஆனால் செலவைக் குறைப்பதற்காக, உயிருள்ள உடும்பு முதலியவற்றின்மேல் கொம்பும் செதிலும் ஒட்டி டைனோசாரென்று காட்டிவிட்டனர். ஐம்பதாண்டு கைத்திறன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒட்டுவேலை அரங்கேறிற்று. கிங் காங்கும் வேறொரு பேருருவமும் மோதுவதாக அவர் வரைந்து வைத்திருந்த கதையொன்றும் கைமாறிக் கைமாறி ஜப்பானைச் சேர்ந்து, 1962இல் கிங் காங்கும் காட்ஸில்லாவும் பொருதும் படமாயிற்று. அதில் குரங்கு பதுமையன்று. தோலாடை அணிந்த ஒரு மனிதர்.

அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் ஓப்ரியன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது எழுபத்தாறு. 1942இல் நின்றுபோன குவாங்கி படத்தை மாணவராகிய ஹாரிஹௌசன் எடுத்து முடித்து, 1969இல் வெளியிட்டார்.

இனி அப்பதுமைகளைப் பற்றி ஒரு சொல். டெல்காடோ அரும்பாடுபட்டு வைத்த ரப்பர்த் தசை ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வெடித்து உதிர்ந்தது, முயல்தோல் மக்கிற்று. எஞ்சியவை உலோக எலும்புக்கூடுகளே. அவற்றுள் 22 அங்குல உயரமுடைய ஒன்று 2009 நவம்பரில் லண்டன் நகரில் கிறிஸ்டி ஏலக்கடையில் 1,21,250 பவுனுக்கு விலைபோயிற்று. அதன் மூட்டுகள் இன்னும் திரும்பும் நிலையிலேயே இருந்தன.